‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’: படத் தட்டு போதுமா, மேடைத் தட்டும் வேண்டுமா?

கேள்வி இது: “‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். படத்துக்கு முன்னால் பிராட்வே மேடைக் குழு பாடி வெளிவந்த இசைத்தட்டையும் கேட்க வேண்டுமா? இரண்டும் ஒரே பாட்டுகள்தானே?”

கட்டாயம் கேளுங்கள். மேடையில் இருந்த மூன்று பாட்டுகள் படத்தில் கிடையாது. படத்தில் வரும் இரண்டு பாட்டுகள் மேடையில் கிடையாது. இரண்டிலும் இருக்கிற பாட்டுகளில் சில, இடம் மாறி வேறு ஆட்களோடு வருகின்றன. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கதையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. படத் தட்டைக் கேட்டால் மரியா என்ற பெண்ணுக்கு ஒரு வீடும் காதலும் கிடைத்த கதை. மேடைத் தட்டில் அது இருக்கிறது. கூடவே, ஆஸ்திரியா நாடு ஹிட்லர் கைக்குப் போகும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1959 நவம்பர் 16 அன்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில், லன்ட்-ஃபோன்டேன் தியேட்டரில் இந்த நாடகம் அரங்கேறியது. இசை ரிச்சர்ட் ராஜர்ஸ், பாடல் வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். கன்னியர் மடத்திலிருந்து ஒரு வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படும் மரியாவாக மேரி மார்ட்டின், அந்தக் குழந்தைகளின் அப்பா கேப்டன் வான் டிராப்பாக தியோடர் பிகெல். அரங்கேறி ஒரு வாரம் ஆவதற்குள் கொலம்பியா நிறுவனம் மொத்தக் குழுவையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய்ப் பதிவு செய்துவிட்டது. அன்றைய பிராட்வே வழக்கம் அது. நாடகம் சூடாக இருக்கும்போதே, காட்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், ஒரே நாளில் தட்டு முழுவதையும் பாடி முடித்துவிடுவார்கள். படம் 1965இல் வந்தது. இயக்கம் ராபர்ட் வைஸ், மரியா ஜூலி ஆண்ட்ரூஸ். அதன் தட்டை ஆர்சிஏ விக்டர் வெளியிட்டது. இங்கிலாந்தில் அது மொத்தம் 70 வாரம் முதலிடத்தில் இருந்தது. மேடைத் தட்டும் லேசுப்பட்டதில்லை, 1960இல் அமெரிக்கப் பட்டியலில் 16 வாரம் முதலிடம் பிடித்தது. ஆனாலும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது படம்தான். கான்வென்ட் பள்ளி ஆண்டு விழாக்களில் நாம் கேட்ட ‘டோ ரே மி’யும் படம் வழியாக வந்ததுதான்.

தலைப்புப் பாட்டிலிருந்தே வித்தியாசம் ஆரம்பிக்கிறது. படத்தில் ஹெலிகாப்டர் மலைகளுக்கு மேல் பறந்து வருகிறது, பட்டப்பகல், ஜூலி ஆண்ட்ரூஸ் கைகளை விரித்துச் சுழல்கிறார், நேரே பல்லவிக்குள் போய்விடுகிறார். மேடைத் தட்டில் அந்தப் பல்லவிக்கு முன்னால் ஒரு முன்பாட்டு உண்டு. மலையில் கழித்த நாள் முடிந்துவிட்டது, நட்சத்திரம் வந்துவிட்டது, திரும்பிப் போக வேண்டும், ஆனால் போக மனமில்லை என்று மரியா மெதுவாகச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த மெட்டு வருகிறது. நேரம் அந்தி. பாடுகிறவள் விடைபெறுகிறாள். அந்த முன்பாட்டோடு கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பாட்டின் கடைசி வரிகளில் இருக்கும் தனிமை பிடிபட்டது. மலையைப் பார்த்துத் துள்ளும் பாட்டு என்றே அதுவரை மனதில் பதிந்திருந்தது. படத்துக்கு அந்த முன்பாட்டு தேவையில்லை என்று வெட்டியதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் காட்சியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. காதால் மட்டும் கேட்கிறவருக்கு அது பெரிய இழப்பு.

குரல் விஷயத்தில் பலருக்கு மேரி மார்ட்டின் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஜூலி ஆண்ட்ரூஸ் படப்பிடிப்பின்போது இருபத்தெட்டு வயதுக்காரர். கண்ணாடி மாதிரி தெளிவான குரல், எந்த உயரத்துக்குப் போனாலும் உச்சரிப்பு கலையாது. மேரி மார்ட்டினுக்கு அரங்கேற்றத்தின்போது நாற்பத்தைந்து முடிந்து நாற்பத்தாறு ஆகப் போகிறது. குரல் தாழ்ந்தது, கதகதப்பானது, பாட்டை விடப் பேச்சுக்கு நெருக்கமானது. இருபது வயதுக் கன்னியாஸ்திரீ மாணவியாக அதை நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால் மேடை நடிகை ஒருவர் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று பாடுகிற விதத்தை இங்கே கவனிக்கலாம். ஒவ்வொரு வார்த்தையையும் எதிரே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார். ஜூலி ஆண்ட்ரூஸ் மைக்குக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார், அதனால் சின்னச் சின்ன மூச்சும் சிரிப்பும்கூட அவருக்குக் கைகொடுக்கிறது. சுத்தமான பாட்டு வேண்டுமென்றால் படத் தட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாட்டுக்கு வருகிறேன். இதை இரண்டு தட்டிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். படத்தில் இடி மின்னலுக்குப் பயந்த குழந்தைகளுக்கு மரியா பாடுவது. மேடையில் இது மடத்தில், குழந்தைகளை மரியா பார்ப்பதற்கு முன்பே நடக்கிறது. மடத்துத் தலைவிக்குச் சின்ன வயதில் கேட்ட பாட்டு இது, மரியா அதை முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது, முழுதாகப் பாடச் சொல்கிறார். இரண்டு பெண்களும் சேர்ந்து பாடுகிறார்கள். ஒருத்தி வெளியே போகப் போகிறாள், அது அவளுக்கு இன்னும் தெரியாது. இன்னொருவர் அவளை அனுப்பப் போகிறவர். இடிச் சத்தம் இல்லாமல் கேட்கும்போது அந்த மெட்டின் அடியில் ஓடும் சோகம் நன்றாகத் தெரிகிறது. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1960 அக்டோபரிலேயே இந்த மெட்டை எடுத்து சாக்ஸஃபோனில் நீட்டி வாசித்துப் பதிவு செய்தார். படம் அப்போது எடுக்கப்படவே இல்லை. அவர் எடுத்துக்கொண்டது மேடைப் பாட்டைத்தான்.

மேடையில் இடி மழைக் காட்சிக்கு உரிய பாட்டு ‘தி லோன்லி கோட்ஹெர்ட்’. படத்தில் அதைப் பொம்மலாட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். இந்த மாற்றத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் என்றால் அது வெட்டப்பட்ட மூன்று பாட்டுகளில்தான், அதிலும் இரண்டில். ‘ஹவ் கேன் லவ் சர்வைவ்’ பாட்டை கேப்டனைக் கல்யாணம் செய்ய இருக்கும் எல்சாவும் நண்பர் மேக்ஸும் பாடுகிறார்கள். பணக்காரர் இருவர் காதலித்தால் பட்டினி இல்லை, ஒழுகும் கூரை இல்லை, கஷ்டமே இல்லாமல் காதல் எப்படிப் பிழைக்கும் என்று கேட்கும் குறும்பான பாட்டு. அடுத்தது ‘நோ வே டு ஸ்டாப் இட்’. இதை எல்சா, மேக்ஸ், கேப்டன் மூவரும் பாடுகிறார்கள். ஜெர்மானியர்கள் வரத்தான் போகிறார்கள், தடுக்க முடியாது, வளைந்து கொடுத்துவிட்டால் நம் வீடு வாசல் தப்பும், உலகம் சுற்றுகிறபடி சுற்றட்டும், நாம் நம்மைப் பார்த்துக்கொள்வோம் என்று எல்சாவும் மேக்ஸும் சொல்கிறார்கள். மெட்டு அவ்வளவு துள்ளலாக இருக்கும். கேட்கிறவருடைய காலும் தாளம் போடும். அதுதான் அந்தப் பாட்டின் சாமர்த்தியம். சரணடையச் சொல்லும் வாதம் இவ்வளவு இனிமையாக, இவ்வளவு நியாயமாகக் காதில் விழுகிறது. மேடையில் எல்சாவும் கேப்டனும் பிரிவது இந்த இடத்தில்தான், காரணம் அரசியல். அவள் வளைந்து கொடுக்கத் தயார், அவருக்கு அது முடியாது.

படத்தில் எல்சாவும் மேக்ஸும் ஒரு வரிகூடப் பாடுவதில்லை. கேப்டனின் மனம் மரியாவிடம் இருப்பதைப் பார்த்துவிட்டு எல்சா கண்ணியமாக விலகிக்கொள்கிறாள். காட்சி அழகானதுதான். ஆனால் படத் தட்டில், “போனால் போகட்டும்” என்று சொல்ல ஒருவரும் இல்லை. பாடுகிற எல்லோரும் நல்லவர்கள். மேடைத் தட்டில் ஆபத்துக்கு ஒரு குரல் இருக்கிறது. அது அன்பான, சிரித்துப் பேசும் நண்பரின் குரல். 1938இல் ஆஸ்திரியாவில் பல வீட்டு வரவேற்பறைகளில் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்குப் படும். எனக்கு இந்தப் பாட்டு ஒன்றுக்காகவே மேடைத் தட்டு முக்கியம்.

இதோடு சேர்த்து ஒரு தகவல். கேப்டனாகப் பாடிய தியோடர் பிகெல் வியன்னாவில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது அவருக்கு வயது பதின்மூன்று. அவருடைய குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. மேக்ஸாகப் பாடிய கர்ட் காஸ்னரும் வியன்னாவில் பிறந்தவர்தான்.

பிகெல் கிட்டார் வாசித்து நாட்டுப்புறப் பாடல்கள் பாடிப் பெயர் வாங்கியவர். நியூயார்க் வருவதற்கு முன் பாஸ்டனில் நாடகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேப்டனுக்குத் தன் நாட்டிடம் விடைபெற ஒரு பாட்டு வேண்டும் என்று ராஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் உட்கார்ந்து எழுதியதுதான் ‘ஈடெல்வைஸ்’. அதை ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஹாமர்ஸ்டைன் அப்போதே நோயாளி. அவர் எழுதிய கடைசிப் பாட்டு இதுதான், 1960 ஆகஸ்டில் இறந்துவிட்டார். படத்தில் இந்தப் பாட்டு இரண்டு முறை வருகிறது, முதலில் வீட்டில் குழந்தைகளுக்கு முன்னால், பிறகு இசை விழா மேடையில். மேடை நாடகத்தில் விழாவில் ஒரே ஒரு முறைதான். பிகெல் அதை அலட்டிக்கொள்ளாமல், சொந்த ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். படத்தில் கிறிஸ்டோபர் பிளம்மரின் முகத்துக்குப் பாடியது பில் லீ என்ற ஸ்டுடியோ பாடகர். நல்ல குரல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சிவாஜிக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிறார் என்பதை ஊரே கொண்டாடிய நமக்கு இது மனதுக்கு ஒப்பாத விஷயம்.

மடத்துத் தலைவிக்கும் படத்தில் இரவல் குரல்தான். நடித்தவர் பெக்கி வுட், பாடியவர் மார்ஜரி மெக்கே. மேடைத் தட்டில் ‘க்ளைம்ப் எவ்ரி மௌன்டன்’ பாடும் பாட்ரீஷியா நேவே ஆப்பராவில் பேர் பெற்றவர், இந்த வேடத்துக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும் வாங்கினார். நாடகத்தில் அந்தப் பாட்டோடுதான் முதல் பாதி முடிந்து திரை விழும். அவர் மெதுவாக ஆரம்பித்துக் கடைசி வரியில் முழுக் குரலையும் திறக்கும்போது, இடைவேளை விளக்கு போட்ட மாதிரி எனக்கு இருக்கும். இந்தப் பாட்டில் மேடைத் தட்டுக்கே என் ஓட்டு.

படம் ஜெயிக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். மேடையில் மரியாவும் கேப்டனும் காதலைச் சொல்லிக்கொள்ளும் ‘ஆன் ஆர்டினரி கப்பிள்’ சப்பென்ற பாட்டு. இவ்வளவு தூரம் வந்த இருவருக்கு அது போதவில்லை. படத்துக்காக ராஜர்ஸ் தனியாக, வரிகளையும் தானே எழுதி, ‘சம்திங் குட்’ என்று ஒன்றைப் போட்டார். எப்போதோ ஏதோ நல்லது செய்திருக்க வேண்டும், அதனால்தான் இது கிடைத்தது என்கிற அடக்கமான வியப்பு. ஜூலி ஆண்ட்ரூஸ் அதைக் கிட்டத்தட்டக் காதோடு சொல்கிறார். மடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மரியா தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்’ பாட்டும் அப்படி ராஜர்ஸ் படத்துக்காகத் தந்ததுதான். அப்புறம் வாத்தியங்கள். மேடைக்கு ராபர்ட் ரஸ்ஸல் பென்னட் அமைத்த இசை, பாடகரை அமுக்காத சின்னக் குழுவுக்கானது. படத்துக்கு இர்வின் காஸ்டல் பெரிய குழுவை வைத்து விரித்தார், ஆஸ்கரும் வாங்கினார். கல்யாண ஊர்வல இசையை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் தேவாலயமே வீட்டுக்குள் வந்துவிடும்.

படத் தட்டில் ஒரு குறை, பாட்டுகள் கதை வரிசையில் இல்லை. பழைய எல்பி வரிசைப்படி ‘க்ளைம்ப் எவ்ரி மௌன்டன்’ முன்னால் வந்துவிடும், ‘டோ ரே மி’ அதற்குப் பிறகுதான். படம் பார்த்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. 2023இல் வந்த விரிவான பதிப்பில் படத்தின் முழு இசையும் இருக்கிறது, பிளம்மர் தன் சொந்தக் குரலில் பாடியதும் அதில் கிடைக்கும்.

உங்களுக்கு என் யோசனை: மேடைத் தட்டை முதலிலிருந்து போடாதீர்கள், மேரி மார்ட்டின் குரலை ஜூலி ஆண்ட்ரூஸோடு ஒப்பிட்டே நேரம் போய்விடும். ‘நோ வே டு ஸ்டாப் இட்’, அடுத்து மடத்தில் நடக்கும் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’, பிறகு பிகெலின் ‘ஈடெல்வைஸ்’. இந்த மூன்றும் பிடித்தால் முழுத் தட்டுக்கும் போங்கள். ஒரு தட்டுதான் வாங்குவேன் என்றால், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் படத் தட்டு. பாட்டு மனப்பாடமாகிவிட்ட உங்களுக்கு மேடைத் தட்டு.

பழைய பதிவின் சத்தம் காதுக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கேரி அண்டர்வுட் மரியாவாக நடித்து நேரலையில் இந்த நாடகத்தைப் போட்டார்கள். அதில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ மடத்துக்கே திரும்பிவிட்டது, தலைவியாக ஆட்ரா மெக்டொனால்ட் பாடுகிறார். எல்சாவும் மேக்ஸும் பாடும் இரண்டு பாட்டுகளும் அதில் உண்டு, படத்திலிருந்து ‘சம்திங் குட்’டையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.