மேட்டூர்த் தண்ணீரும் பிச்சாவரத்துச் சுரபுன்னையும்: சேலத்தவர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆறு கடலில் சேரும் இடத்து உப்புச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளை அரசும் ஊர்மக்களும் சேர்ந்து நிர்வகிப்பது பற்றி சேலம், ஏற்காடு, ஆத்தூர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை. கடலூர்க் கடற்கரையில் வனக்குழுக்களோடு வேலை பார்த்தவன் நான். இப்போது அஸ்தம்பட்டிவாசி.

அம்மாபேட்டையிலிருந்து: சார், கடலே இல்லாத சேலத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீர்தான் சம்பந்தம். அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்கும். ஆனால் உப்பு மட்டுமே இருந்தால் தாங்காது, ஆற்று நீரும் வந்து கலக்க வேண்டும். பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறந்து நம் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு காவிரியில் சேர்கிறது. காவிரியின் வெள்ளம் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகக் கடலுக்குப் போகிறது. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியோ வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆக நம் மாவட்டத்து மழை இரண்டு வழியாகவும் அந்தக் காட்டுப் பக்கம் போகிறது.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு முத்துப்பேட்டையைப் பாருங்கள். காவிரியின் கடைமடை அது. அங்கே காடு கிட்டத்தட்ட முழுக்க வெண்கண்டல் என்ற ஒரே இனம்தான், அதிக உப்பிலும் பிழைக்கக்கூடியது. பிச்சாவரத்தில் ஓடைக்கரை நெடுக நிற்கும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்துக்கு அவ்வளவு உப்பு ஆகாது. மேட்டூர் அணையைத் திறப்பது எப்போது, எவ்வளவு என்று முடிவெடுக்கும்போது பாசனத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள், குடிநீரை எடுக்கிறார்கள். முகத்துவாரக் காட்டுக்கென்று பேச அங்கே ஓர் ஆள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கருப்பூரிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, 2023-ல் மத்திய அரசு அறிவித்த மிஷ்டி திட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தி என்கிறார்கள். கன்று நட்டால் போதாதா?

போதாது தம்பி. பிச்சாவரத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டினார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் அடித்தது. ஈரம் வற்றி மண் அமுங்கியது, நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் இறக்கத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பாகப் படிந்தது. அந்த மண்ணில் எந்தக் கன்றும் நிற்காது. விறகு பொறுக்குகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும்தான் காட்டை அழித்தார்கள் என்று வெகுகாலம் பழி போட்டார்கள். மூலகாரணம் நிர்வாகம் எடுத்த வெட்டு முடிவு.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து செய்தது என்னவென்றால், முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி தெரியும். கடல்நீர் தினமும் வந்து திரும்பியது, உப்புக் கழுவப்பட்டது, அப்புறம்தான் வாய்க்கால் சரிவில் கன்று நட்டார்கள். காடு திரும்பியது.

ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோகும். அங்கே கடல்மட்ட ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் கொஞ்சம் வண்டல் அடைத்தாலே ஓட்டம் நின்றுவிடும். தூர்வாரப் பணம் யார் கொடுப்பது, எந்த வாய்க்காலை முதலில் வாருவது, கூலி யாருக்கு? நிர்வாகம் என்பது இந்தக் கேள்விகள்தான். நடவுக்குப் பணம் ஒதுக்குகிற திட்டங்கள் பல, பத்தாவது வருடத்துத் தூர்வாரலுக்கு ஒதுக்குபவை மிகக் குறைவு.

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர்: எங்கள் மலையிலும் கிராம வனக்குழு போட்டார்கள். பெயர்ப்பலகைதான் மிச்சம். கடற்கரையில் மட்டும் எப்படி நடந்தது?

கடற்கரையிலும் எல்லா ஊரிலும் நடக்கவில்லை. கூட்டு வன மேலாண்மைக்கு மத்திய அரசின் சுற்றறிக்கை 1990 ஜூன் 1-ல் வந்தது. தமிழ்நாட்டில் 1997-ல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தோடுதான் அது பரவலானது. பல ஊர்களில் தலைவர் ஊர்க்காரர், செயலர் வனத்துறை ஊழியர். கூட்டம் எப்போது கூடுவது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் செயலர் கையில். திட்டப் பணம் வந்தவரை குழு கூடியது, நின்றதும் கலைந்தது.

நிலைத்த இடங்களில் நான் பார்த்தது ஒன்று உண்டு: ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்டில் தினசரிப் பிழைப்பு இருந்தது. பிச்சாவரம் அருகே கிள்ளைப் பகுதியில் எம்.ஜி.ஆர். நகர் இருளர் மக்கள் ஓடைகளில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க உதவியதும் அந்தக் காட்டு வேலையின் பகுதியாகவே நடந்தது. சான்றிதழ் வந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் அரசு உதவிகளுக்கும் வழி திறக்கும். அப்போதுதான் காட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டுக் கூட்டத்துக்கு வரச்சொல்லும் உரிமை நமக்கு வரும். கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்பதுகூடச் சின்ன விஷயமில்லை. நீரோட்டம் சரியாக இருக்கும் வேளையில் கூட்டம் போட்டால் இறால் பிடிக்கிறவர் யாரும் வரமாட்டார். வருகிறவர்கள் படகுக்காரர்களும் நிலக்காரர்களும்தான், முடிவும் அவர்கள் பக்கமே போகும்.

உங்கள் மலைக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் சமூக வன வளத்தை, அதாவது ஊர் வழக்கமாகப் பயன்படுத்திவரும் காட்டை, காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை கேட்கலாம், தீர்மானம் கிராம சபையில் தொடங்கும். சேர்வராயன் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள், கோரிக்கை அவர்களிடமிருந்து வரட்டும். வனக்குழுவை அரசாணையால் கலைத்துவிடலாம், சட்ட உரிமையை அப்படிக் கலைக்க முடியாது. பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கடலோர மீனவர் பலருக்கு இடிப்பது இந்த இடம்தான்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு ஆசிரியை: 2004 சுனாமியை அலையாத்திக் காடு தடுத்தது என்று வகுப்பில் சொல்கிறோம். சரிதானா?

கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள் டீச்சர். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் கடலூர்க் கடற்கரை பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் முக்கியக் காரணம் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். புயலுக்கு வலுவான சான்று ஒடிசாவில் இருக்கிறது. 1999 பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே அகலமான அலையாத்திக் காடு இருந்த கிராமங்களில் உயிரிழப்பு குறைந்தது. இதைக் காட்டிய அதே ஆய்வு, முன்னெச்சரிக்கை அதைவிட அதிக உயிர்களைக் காத்தது என்றும் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அழகாபுரத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்: சட்டப் பாதுகாப்பு போதுமா?

காகிதத்தில் வலுவானதுதான். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை அலையாத்தியை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைக்கிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் இடைவெளி. 2018-ல் மும்பை உயர் நீதிமன்றம் அலையாத்தி அழிப்பு அடிப்படை உரிமை மீறல் என்றது. பிச்சாவரம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இவற்றில் எதுவும் மேலேயிருந்து வரும் தண்ணீரைப் பற்றி எந்த உத்தரவாதமும் தரவில்லை.

ஓமலூரிலிருந்து: கார்பன் கிரெடிட் விற்று ஊருக்குப் பணம் வரும் என்கிறார்களே?

வரலாம். காடு உறிஞ்சி வைக்கும் கரிக்குக் கணக்குப் போட்டு நிறுவனங்களுக்கு விற்பதுதான் கார்பன் கிரெடிட். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார், காடு புயலில் அழிந்தால் பொறுப்பு யாருக்கு, ஊரின் பங்கு எத்தனை சதவீதம், இந்த மூன்றும் தமிழில் எழுதி கிராம சபையில் படிக்கப்படாத வரை கையெழுத்துப் போடச் சொல்லமாட்டேன்.

ஆத்தூரிலிருந்து: நாங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது ஏதாவது?

நிறைய. வசிஷ்ட நதியில் ஜவ்வரிசி ஆலைக் கழிவு கலப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆறு போய்ச் சேரும் வெள்ளாற்று முகத்தில் இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் கழிவுநீர் பற்றி ஒரு தீர்மானம் போடுங்கள், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் உள்ள குழுக்களுக்கும் ஒரு நகல் போகட்டும். அவர்கள் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகும்போது மேட்டு ஊரின் தீர்மானம் கையில் இருந்தால் அது பெரிய பலம்.