பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குவதில்லை: 1951 ஃபோர்டு எஃப்-1 பிக்கப் டிரக்

நண்பரே, ஸ்டியரிங் தண்டில் மாட்டும் ஏழு ஒயர் இண்டிகேட்டர் சுவிட்ச் போட்டும் பிரேக் மிதித்தவுடன் பின்விளக்கு இரண்டும் நிலையாக எரிகிறது என்கிறீர்கள். பிரேக் சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் இன்னும் நேராகப் பின்விளக்குகளுக்கே போகிறது, அதுதான் காரணம். பின்விளக்கு பல்பில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழைதானே! அந்த ஒயரை அங்கிருந்து கழற்றி, புது சுவிட்சின் பிரேக் முனைக்குக் கொடுங்கள். சுவிட்சிலிருந்து இடது, வலது பின்விளக்குகளுக்குத் தனித்தனி ஒயர் போக வேண்டும். எது எந்த நிறம் என்பதைச் சுவிட்சோடு வந்த தாளில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இன்னொன்று. உங்கள் வண்டி 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும். ஃபோர்டு 12 வோல்ட்டுக்கு மாறியது 1956 மாடலில்தான். கடையில் சும்மா ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சின்ன டப்பா) கேட்டால் 12 வோல்ட்டைத் தந்துவிடுவார்கள், வாங்காதீர்கள். 6 வோல்ட் தெர்மல் ஃபிளாஷர் (சூட்டில் வளையும் தகட்டால் மினுக்குவது) போதும், அதற்கு எர்த் எந்தப் பக்கம் என்ற கவலையில்லை. எலெக்ட்ரானிக் வகை பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கே செய்தது. பல்பு எண் 1154, அதே போல இருக்கும் 1157 வேண்டாம், அது 12 வோல்ட். ஒரே வாட்டுக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு கரண்ட் ஓடும், அதனால் மெல்லிய ஒயர் ஆகாது.

அப்புறமும் மங்கலாகவோ மெதுவாகவோ மினுக்கினால், விளக்குக் கூட்டின் துருவைச் சுரண்டிவிட்டு, சேசிஸுக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள்.