கைக்குழந்தையும் தனிமையும்: புது அம்மாக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களுக்கான வாராந்திரச் சந்திப்புகளை நீண்ட காலமாக நடத்தி வரும் உறுப்பினர் ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு ஏழு வாரம். காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பினால் மாலை வரை நானும் அவளும்தான். "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாரையும் கூப்பிட வரவில்லை. என்னிடம்தான் ஏதாவது கோளாறா?

உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை, தங்கச்சி. சின்னக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். நடுவில் ஏப்பம் விட வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், தூங்க வைக்க வேண்டும். உங்கள் தூக்கமோ துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இந்த நிலையில் யாரைக் கூப்பிடுவது, எந்த நேரத்தில் கூப்பிட்டால் தொந்தரவாக இருக்காது, என்னவென்று கேட்பது என்று யோசிப்பதே பெரிய வேலை. "வேணும்னா கூப்பிடு" என்றவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த வேலையையும் உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிண்டி-லீ டென்னிஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2009 இல் வெளியானது. மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டறியப்பட்ட 701 புது அம்மாக்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்ற பிரிவுக்கு அதோடு சேர்த்து, தாங்களும் அந்தச் சோர்வைக் கடந்து வந்த அம்மாக்கள் போனில் பேசினார்கள். குழந்தைக்கு 12 வாரம் ஆனபோது, கடுமையான அறிகுறிகள் இருந்தவர்கள் முதல் பிரிவில் 25 சதவீதம், இரண்டாவது பிரிவில் 14 சதவீதம். பேசியவர்கள் யாரும் மருத்துவர்கள் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நான்கு மணி நேரப் பயிற்சி. இதில் நான் முக்கியமாக நினைப்பது, போன் அவர்கள் பக்கமிருந்து வந்தது என்பதைத்தான். புது அம்மா யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

அதனால் ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள்: "செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு நீயே எனக்குப் போன் பண்ணுவாயா? எடுக்கவில்லை என்றால் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன், மறுபடி கூப்பிடு." அதற்கப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். நான் இருக்கிறேன், அவள் மாமியாரும் வந்து போகிறார். வீடு நிறைய ஆள் இருந்தும் தனியாக இருப்பதாகச் சொல்கிறாள். எனக்குப் புரியவில்லை அம்மா.

உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா. வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குழந்தையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். "பால் போதுதா?", "ஏன் அழுகிறான்?" என்றுதான் கேட்கிறார்கள். நாள் முழுக்க யாராவது கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால், தான் எதையோ சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிடும். நீங்கள் ஆதரவாகச் சொல்லும் யோசனைகூட அப்படி அவள் காதில் விழலாம்.

அவளுக்கு உங்கள் உதவி கட்டாயம் வேண்டும். அதோடு, இதே மூன்று மாதத்தைத் தானும் இப்போதுதான் கடந்துகொண்டிருக்கும் இன்னொரு பெண்ணும் வேண்டும். அந்த இடத்தை நாம் யாரும் நிரப்ப முடியாது. வாரம் ஒரு முறை அவள் அப்படி ஒருத்தியைப் பார்க்கப் போக, பை எடுத்து வைத்து, கூடப் போய், வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி. அப்புறம், அவளிடம் தினமும் ஒரு தடவையாவது குழந்தையைப் பற்றி இல்லாத ஒரு விஷயம் பேசுங்கள்.

கேள்வி: ஒரு தாய்மார் சந்திப்புக்குப் போனேன். ஒருத்தி மகன் ராத்திரி முழுக்கத் தூங்குகிறானாம், இன்னொருத்தி மகள் குப்புற விழுந்துவிட்டாளாம். அழுதுகொண்டே வீடு திரும்பினேன். இனி போகவே பிடிக்கவில்லை.

அந்தக் குழுவுக்குத் திரும்பப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எல்லாக் குழுவும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நல்ல குழுவில் நடத்துகிறவர் ஒப்பீட்டை வளர விடமாட்டார். "இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?" என்று தானே பேச்சைத் தொடங்குவார். ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். குப்புற விழும் வயது குழந்தைக்குக் குழந்தை மாதக் கணக்கில் வேறுபடும், அது அம்மாவின் கெட்டிக்காரத்தனம் இல்லை.

இன்னொன்று. முதல் நாளே மனசுக்கு நெருக்கமான தோழி கிடைக்கமாட்டாள். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டதில், சாதாரண நட்பு உருவாகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருந்தது, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். கூட்டத்தில் எல்லோரிடமும் பேச முயலாமல், உங்களைப் போலவே களைத்துத் தெரிகிற ஒருத்தி பக்கத்தில் போய் உட்காருங்கள். கிளம்பும்போது அவள் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: என் மனைவி நாலைந்து வாரமாக அடிக்கடி அழுகிறாள். தோழிகளை வரவழைத்தால் சரியாகிவிடுமா?

தோழிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்வதில் தோழிகள் மட்டும் போதாது, தம்பி. பிரசவமான சில நாட்களில் பெரும்பாலான பெண்களுக்கு அழுகையும் பதற்றமும் வரும். அது பொதுவாக இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அதைத் தாண்டி நீடித்தால் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் முதலிடம் மனச்சோர்வுக்கு. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, 1987 இல் வெளியான எடின்பரோ வினாப்பட்டியல் என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்தே கேள்விகள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். "தைரியமாக இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள், "நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைக்குப் போங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது என்ற இந்தக் கடைசி வகை ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது, உடனே கவனித்தால் குணமாகக்கூடியது.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். புது அப்பாக்களிலும் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கேள்வி: எத்தனை மாதத்தில் குழந்தையை வெளியே கூட்டிப் போகலாம்?

நல்ல காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று பேரைப் பார்ப்பதற்கு ஆரோக்கியமான குழந்தைக்குப் பொதுவாகத் தடை இல்லை. நெரிசலான கூட்டத்துக்கு முதல் தடுப்பூசிகள் முடியட்டும். சளி, இருமல் உள்ளவர்கள் அருகில் வர வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நானே ஒரு குழு தொடங்க நினைக்கிறேன். எப்படி நடத்துவது?

மிகவும் சந்தோஷம். 1956 இல் அமெரிக்காவில் ஏழு அம்மாக்கள் சேர்ந்து, தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு உதவுவதற்காக ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கியதுதான் பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் லா லெச்சே லீக். நீங்களும் நான்கு பேரோடு தொடங்குங்கள்.

கிழமையையும் நேரத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள். ஒருத்தி மூன்று வாரம் வராமல் நான்காவது வாரம் வந்தால், அதே இடத்தில் அதே நேரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் வையுங்கள், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். குழந்தையோடு யாராலும் பத்து மணி என்றால் பத்துக்கு வர முடியாது. குழந்தைகளைப் போடத் தரையில் சுத்தமான விரிப்பு, பால் கொடுக்க வசதி, துணி மாற்ற ஓர் இடம், இவ்வளவு போதும். வீட்டைச் சுத்தம் செய்து பலகாரம் செய்து வைக்கும் போட்டியாக அது மாறிவிடக் கூடாது. அப்படி ஆனால் ஆள் குறையும்.

வாசலில் ஒருவர் நின்று புதிதாக வருகிறவரை உள்ளே அழைத்து உட்கார வைக்கட்டும். பாதிப் பேர் அந்த வாசலில்தான் திரும்பிவிடுகிறார்கள். கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள். பால் புட்டியோ தாய்ப்பாலோ, அதை வைத்து யாரையும் எடை போடக் கூடாது. பொருள் விற்க வருகிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, வராதவர்களைக் கவனியுங்கள். அதிகம் தேவைப்படுகிறவள்தான் முதலில் வராமல் நிற்பாள். "ஏன் வரவில்லை?" என்று கேட்க வேண்டாம். "அடுத்த வாரம் நான் உன் வீட்டு வழியாகத்தான் போகிறேன், சேர்ந்து போகலாமா?" என்று அனுப்புங்கள்.

பேச்சு ஓடாத நாளில் பாடுங்கள். 2018 இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு அறிகுறி உள்ள அம்மாக்கள் குழந்தைகளோடு குழுவாகப் பாடியபோது, ஆரம்ப வாரங்களில் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட வேகமாகத் தேறினார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழு மட்டும் போதாதா?

ராத்திரி மூன்று மணிக்கு "யாராவது முழித்திருக்கிறீர்களா?" என்று கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் உங்கள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு "நீ போய்க் குளி" என்று சொல்ல நேரில்தான் ஆள் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பற்றிய சந்தேகத்தை மட்டும் குழுவில் தீர்க்காதீர்கள்.

கேள்வி: என் மகன் குறைமாதத்தில் பிறந்தவன், இன்னும் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. மற்ற அம்மாக்களோடு எனக்கு ஒட்டவில்லை.

ஒட்டாததில் வியப்பில்லை. உங்கள் நாட்கள் வேறு. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியரிடம், இதைக் கடந்து வந்த குடும்பம் ஏதாவது பேச முன்வருமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒருவரோடு பேசுவது பத்துப் பேர் கூட்டத்தைவிட உங்களுக்கு உதவும். பிறகு சாதாரணச் சந்திப்புக்குப் போகத் தோன்றினால் போகலாம். தோன்றாவிட்டால் அதிலும் தவறில்லை.

கேள்வி: எனக்குக் குழந்தை இல்லை. என் தோழிக்குப் பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தொந்தரவு செய்ய வேண்டாமே என்று விலகி இருக்கிறேன். சரியா?

விலக வேண்டாம். முதல் மாதம் வந்து குவிந்தவர்கள் இப்போது நின்றிருப்பார்கள். அவளுக்கு நீங்கள் வேண்டிய நேரம் இதுதான். "எப்போது வரட்டும்?" என்று கேட்டால் அவள் யோசிக்க வேண்டும். "சனிக்கிழமை நாலு மணிக்குச் சாப்பாடு கொண்டு வருகிறேன், துணி மடித்துக் கொடுத்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன், வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை அனுப்பு" என்று எழுதுங்கள். வேண்டாம் என்று வந்தால் வருத்தப்படாமல் அடுத்த சனிக்கிழமை மறுபடி அதையே அனுப்புங்கள்.