கோதுமையும் நிலக்கடலையும் ஒவ்வாத பிள்ளைக்குக் குக்கீ கலவை

வணக்கம் சகோதரி. கோதுமையும் நிலக்கடலையும் ஒத்துக்கொள்ளாத நாத்தனார் மகனுக்குப் பெருநாள் பரிசாகக் கீழக்கரையிலிருந்து அனுப்பவிருக்கும் ராகிக் குக்கீ கலவை, பாட்டிலிலேயே கட்டிபட்டுப் போவதாக எழுதியிருந்தீர்கள். காரணம் கருப்பட்டிதான், இயல்பிலேயே ஈரத்தை இழுக்கும் பொருள், நம் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். அதைத் துருவி, நல்ல வெயிலில் காயவைத்துப் பொடித்து, காற்றுப் புகாத தனி உறையில் வையுங்கள். மாவோடு கலக்க வேண்டாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, ராகியை மில்லில் அரைத்ததாக நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருப்பது. முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்திலும் மாவு இறங்கும் துணிக்குழாயிலும் தங்கியது உங்கள் ராகியோடுதான் வந்து விழும். முதலில் ஒரு படி அரிசியை ஓட்டினாலும் முழுவதும் போகாது. ஆகவே ராகியை வீட்டிலேயே, கடலைச் சட்னி அரைக்காத ஜாரில் அரைத்து, புதுச் சல்லடையில் சலியுங்கள். கடைச் சத்துமாவு கூடவே கூடாது. வேர்க்கடலை, முந்திரி, கோதுமை அதில் சேர்வது வழக்கம்.

150 கிராம் ராகி மாவு, அதேபோல் அரைத்த 50 கிராம் பச்சரிசி மாவு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, ஏலக்காய், தனியே 100 கிராம் கருப்பட்டித் தூள் என்பது என் கணக்கு. சுடும்போது 90 கிராம் தேங்காய் எண்ணெயும், பிசையும் அளவுக்குத் தண்ணீரும் சேர்க்கச் சொல்லிச் சீட்டெழுதுங்கள். செக்கு எண்ணெய் வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள். பல இடங்களில் அதே செக்கில்தான் கடலையும் ஆட்டுகிறார்கள். சேர்த்த பொருள் அத்தனையையும் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். தேங்காய் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் நாத்தனாரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.