மரத்தில் வெட்டிய மரை தாங்குமா? கடைசல் பட்டறைக் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் மரை (திருகின் சுருள்வரி) வெட்டுவது பற்றியவையே அதிகம். அதனால் அதை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

என் லேத்துடன் (கடைசல் எந்திரம்) ஒரே ஒரு இரும்பு ஃபேஸ் பிளேட்தான் (கட்டையைப் பூட்டும் வட்டத் தகடு) வந்தது. மரத்திலேயே இன்னும் சில செய்து ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டில்) திருகலாமா? மரை உதிர்ந்துவிடாதா?

சரியான மரத்தில், சரியான திசையில் வெட்டினால் உதிராது. சிறு கிண்ணம், தட்டு, உப்புத்தாள் ஒட்டிய தேய்ப்பு வட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பாகம் சீவுவதற்கான மரச் சக் (பிடிப்பான்) ஆகியவற்றுக்கு மரமே போதும். ஓரடி விட்டத்துக்கு மேற்பட்ட, கோணல்மாணலான பச்சைக் கட்டையை மட்டும் இரும்பில் பூட்டுங்கள்.

முதலில் ஸ்பிண்டிலின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய லேத்துகள் பலவற்றில் 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை. பெரியவை பலவற்றில் எம் 33 (33 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 3.5 மி.மீ. முன்னதற்கு 22 மி.மீ. துளையும் பின்னதற்கு 29.5 மி.மீ. துளையும் போட வேண்டும். இந்த அளவில் டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) வாங்கினால் விலை கடிக்கும். ஸ்பிண்டிலின் மரையே உள்ள ஒரு போல்ட் கிடைத்தால் அதையே டேப்பாக மாற்றிவிடலாம். வாங்குமுன் அதன் நட்டை ஸ்பிண்டிலில் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் கடைசிவரை ஏற வேண்டும். பிறகு போல்ட்டின் முனையைச் சாணையில் கூம்பாகத் தேய்த்து, நீளவாக்கில் நான்கு காடிகளை இரும்பு ரம்பத்தாலும் அரத்தாலும் எடுங்கள். காடியின் விளிம்பில் பிசிர் இருந்தால் அது மரத்தை வெட்டாது, பிய்க்கும். பிசிர் நீங்கிக் கூர்மையானால், மரத்துக்கு அந்த போல்ட்டே அருமையான டேப்.

வைரம் பாய்ந்த புளி அல்லது கருவேலம் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த, இரண்டு அங்குலக் கனமுள்ள துண்டு வேண்டும். துளை பலகையின் முகத்தில் வர வேண்டும், வெட்டுவாயில் (நாருக்குக் குறுக்கே அறுத்த முனையில்) வரக் கூடாது. வெட்டுவாயில் துளையிட்டால் நாரும் துளையும் ஒரே திசையில் ஓடும். மரையின் ஒவ்வொரு பல்லும் குட்டை நாரில் நிற்கும், இறுக்கும்போதே பொடிந்துவிடும்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். துளை, மரை, பின்முகம் (பிறகு ஸ்பிண்டிலில் அமரும் பக்கம்) மூன்றையும் கட்டையை ஒரே தடவை பூட்டி முடிக்க வேண்டும். உங்களிடமுள்ள இரும்பு ஃபேஸ் பிளேட்டில் கட்டையைத் திருகாணியால் பூட்டுங்கள். பின்முகம் டெயில் ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனையிலுள்ள நகரும் தாங்கி) பார்த்திருக்கட்டும். துளையைப் போட்டபின், அதன் வாயைச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு அகலப்படுத்துங்கள். ஸ்பிண்டிலின் அடியிலுள்ள மரையில்லாத பகுதி அதற்குள் உட்காரும். பின்முகத்தைச் சமமாகச் சீவி, நடுவை நோக்கி மயிரிழை அளவு குழிவாக விடுங்கள். விளிம்பு மட்டும் ஸ்பிண்டிலின் தோளில் (அடியிலுள்ள அகன்ற வளையத்தில்) அமர்ந்தால்தான் ஆட்டம் இருக்காது. அந்தக் குழிவு தோளின் அகலத்துக்குள்ளேயே வர வேண்டும்.

இப்போது மின்சாரப் பிளக்கையே உருவிவிடுங்கள். டேப்பின் பின்பக்கக் குழியில் டெயில் ஸ்டாக்கின் முனையைக் கொடுத்து, ஸ்பேனரால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கையாலேயே மரை வெட்டுங்கள். டெயில் ஸ்டாக் கூடவே நகர்ந்து வந்தால் மரை நேராக இறங்கும். முடிந்ததும் மரையில் நீர்த்த சூப்பர் குளூவை ஊறவிட்டு, முழுதும் காய்ந்தபின் டேப்பை இன்னொரு முறை ஓட்டுங்கள். பற்கள் கொம்புபோல் கெட்டியாகிவிடும். அந்தப் பசையின் ஆவி கண்ணில் எரியும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, அதைத் திருப்பி உங்கள் ஸ்பிண்டிலிலேயே ஏற்றி முன்முகத்தைச் சீவுங்கள். எந்த ஸ்பிண்டிலில் ஓடப்போகிறதோ அதிலேயே முகம் சீவிய மரத்துண்டு, விலை கொடுத்து வாங்கிய இரும்புக்குச் சமமாக ஓடும்.

தேய்ப்பதற்காக லேத்தைப் பின்னோக்கி ஓட்டினேன். மர ஃபேஸ் பிளேட் கழன்று பறந்துவிட்டது.

பின்னோக்கி ஓட்டும்போது மரை தானாகக் கழலும். பிடிதிருகு (கழலாமல் இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகு) இல்லாத எதையும், மரமானாலும் இரும்பானாலும், பின்னோக்கி ஓட்டாதீர்கள். சட்டென்று நிற்கும் பிரேக் உள்ள லேத்திலும் இதே ஆபத்து உண்டு.

கோடையில் செய்த திருகுமூடி டப்பா ஐப்பசி மழையில் இறுகிக்கொண்டது. திறக்கவே வரவில்லை.

மரம் நீளவாக்கில் உப்புவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் உப்பும். அதுவும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம், குறுக்கே குறைவு. ஆகவே வட்டம் முட்டைவடிவாகிறது, மரை கவ்விக்கொள்கிறது. இப்போதைக்கு டப்பாவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் வையுங்கள், இளகும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அடுத்த டப்பாவில் மூடியையும் உடலையும் ஒரே கட்டையில், ரேகை பொருந்தும்படி எடுங்கள். முரட்டு வடிவம் கடைந்து சில வாரம் ஆறப்போட்டு, பிறகு மரை வெட்டுங்கள். கருங்காலி, ஈட்டி போன்ற நார் நெருங்கிய மரங்கள் நல்லவை. மூன்று நான்கு மரைக்கு மேல் தேவையில்லை. இலேசான தளர்வு விட்டு, தேன்மெழுகு பூசுங்கள்.

சாய்வு உளி (வெட்டும் விளிம்பு சாய்ந்த தட்டை உளி) அடிக்கடி மரத்தில் கொத்திக்கொள்கிறது.

வெட்டும் இடம் தவறுகிறது. நீள முனை மேலே இருக்க, விளிம்பின் கீழ்ப்பாதி மட்டும் மரத்தைத் தொட வேண்டும். மேல்முனை பட்டால் கொத்தும். உளி முதலில் டூல் ரெஸ்டில் (உளியைத் தாங்கும் சட்டத்தில்) அமரட்டும், அடுத்து அதன் சாய்முகம் மரத்தில் உரசட்டும், அப்புறம் பிடியை மெல்ல உயர்த்துங்கள். சீவல் சுருளாக வந்தால் சரி. தூளாக வந்தால் சாணை பிடியுங்கள்.

கிண்ணத்துக்கு என்ன வேகம்?

அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. கட்டை உருண்டையாகும்வரை அதைவிடவும் குறைவாகவே ஓட்டுங்கள்.

சிலாம்பு குத்தாமல் இருக்கக் கையுறை போடலாமா?

கூடவே கூடாது. நூல் ஒன்று சிக்கினாலும் கையையே இழுத்துவிடும். துண்டு, துப்பட்டா, வளையல், தொங்கும் சட்டைக் கை எதுவும் ஓடும் லேத்தருகில் வேண்டாம். கண்ணுக்கும் முகத்துக்கும் கவசம் கட்டாயம். ஈட்டித் தூள் மூச்சையும் தோலையும் உறுத்தும், முகமூடியும் அணியுங்கள்.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்போல் பளபளப்பு எனக்கு வரவில்லை. அரக்கு திட்டுத்திட்டாக ஒட்டுகிறது.

மரத்தில் ஈரம் இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. அரக்குக் குச்சியை ஓடும் மரத்தின்மீது அழுத்தும்போது உரசலில் எழும் சூடுதான் அதை உருக்குகிறது. விட்டம் சிறுத்த பொருளில் பரப்பு மெதுவாக ஓடும் என்பதால் வேகத்தைக் கூட்ட வேண்டும். உப்புத்தாள் தேய்த்த தூளைத் துணியால் முழுதும் துடைத்தெடுங்கள். துடைக்குமுன் லேத்தை நிறுத்துங்கள். குச்சியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே பூசி, மரம் ஓடும்போதே காய்ந்த தாழை மடலை அழுத்திப் பரப்புங்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துக் கடைசல்காரர்களும் இப்படித்தான் மினுக்குகிறார்கள். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளுக்கு, அரக்கில் மஞ்சள், அவுரி போன்ற தாவர நிறங்களையே கலப்பது நல்லது. சூடான காபி ஊற்றும் குவளைக்கு மட்டும் அரக்கு பூசாதீர்கள், இளகிவிடும்.