2021ல் மாநிலங்களவைக்குத் தேர்வான திமுகவின் எம்.எம். அப்துல்லா 2025லேயே ஓய்வா? மாநிலங்களவை உறுப்பினர் பதவி ஆறு வருடமாயிற்றே, கணக்கு இடிக்கிறதே?

கணக்கு சரிதான். அப்துல்லா 2021 செப்டம்பரில் வந்தது இடைத்தேர்தலில். மாநிலங்களவை இடைத்தேர்தலில் ஜெயித்தவருக்குப் புதிதாக ஆறு வருடம் கிடையாது. முன்பு இருந்தவர் விட்ட மிச்சம் மட்டும்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 154.

அதே மாதம் தமிழ்நாட்டிலிருந்து இடைத்தேர்தலில் போனவர்கள் மூன்று பேர். மூவருக்கும் மூன்று முடிவுத் தேதி:

அப்துல்லா: 2025 ஜூலை
கனிமொழி சோமு: 2026 ஏப்ரல்
ராஜேஷ்குமார்: 2022 ஜூன் (ஒரு வருடம்கூட இல்லை, பிறகு மறுபடி தேர்வானார்)

நீங்கள் தேர்வான ஆண்டோடு 6 கூட்டியிருப்பீர்கள். பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். தேர்தல் ஆணையத்தின் இடைத்தேர்தல் அறிவிப்பை எடுங்கள். காலியான இடம் யாருடையது, அவர் காலம் என்றுவரை என்று அட்டவணையிலேயே இருக்கும்.

வழக்கமான தேர்தலில் வந்தவருக்கு முழு ஆறு வருடம். அதையும் பதவியேற்ற நாளிலிருந்து எண்ணாதீர்கள். அரசிதழில் பெயர் வந்த நாள்தான் தொடக்கம்.

ஒன்று கவனிக்கவும்: இதை மக்களவைக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே அதிகபட்சம் ஐந்து வருடம், அவை முன்பே கலைந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் முடிந்துவிடும். மாநிலங்களவை கலைவதே இல்லை.