குரோட்டன் ஏன் பச்சையாகிவிடுகிறது?

அன்புள்ள அம்மா,

வண்ணச் செடிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அந்த ஆசையில் குரோட்டன், காகிதப்பூ, கலேடியம் மூன்றையும் வாங்கி வீட்டின் கூரை போட்ட முன்தாழ்வாரத்தில் வைத்தேன். வாங்கும்போது குரோட்டன் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பளபளத்தது. இப்போது வரும் இலையெல்லாம் வெறும் பச்சை. நிறம் வரட்டும் என்று வாரம் தவறாமல் உரம் கொடுக்கிறேன். காகிதப்பூ ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது, ஒரு பூ இல்லை. கலேடியம் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, இப்போது தொட்டியில் மண் மட்டும்தான் இருக்கிறது. செடி தரமில்லையா, உரம் போதவில்லையா, எனக்குத்தான் கைராசி இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கைராசி மேல் பழி போடாதீர்கள். வளர்ச்சியைப் பார்த்தால் செடிகளிலும் குறை தெரியவில்லை. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். உரத்தை முதலில் நிறுத்துங்கள். குரோட்டனுக்கு நிறம் கொடுப்பது வெளிச்சம். உரத்தில் உள்ள தழைச்சத்து இலையையும் பச்சையத்தையும்தான் கூட்டும். வெளிச்சம் குறைவான இடத்தில் உரத்தையும் அள்ளிக் கொடுத்தால் செடி பச்சையாவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி.

குரோட்டன் இலையின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. வெளிச்சம் பலமாக விழும்போதுதான் இலை அதை நிறையத் தயாரிக்கும். நிழலுக்கு வந்ததும் செடியின் கவலை வேறாகிவிடுகிறது. கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடித்து உணவு தயாரிக்க வேண்டும், அதற்குப் பச்சையம் வேண்டும். ஆகவே உங்கள் குரோட்டனுக்கு நோய் எதுவும் இல்லை, இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி அது தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல வகைகளில் கொழுந்து பச்சையும் மஞ்சளுமாகத்தான் வரும், முற்ற முற்றத்தான் சிவப்பு ஏறும். நுனி இலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நன்றாக முற்றிய இலையும் பச்சையாகவே நின்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

வெளிச்சத்தை நம் கண் சரியாக அளக்காது. தாழ்வாரம் நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும், திறந்தவெளியோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு குறைவு. நான் எப்போதும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. நண்பகலில் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் ஓரம் கூர்மையாக, தனித்தனியாக விழுந்தால் குரோட்டனுக்கு ஏற்ற இடம். கை என்று தெரிகிறது, ஆனால் விரல்கள் கலங்கிப் போய் விழுகின்றன என்றால் அது கலேடியம், அக்லோனிமா போன்றவற்றுக்கான இடம். நிழலே விழவில்லை என்றால் வண்ணச் செடி எதையும் அங்கே வைக்காமல் இருப்பது நல்லது. செடி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் எத்தனையோ செடிகள் பிழைக்கும். பெரும்பாலானவர்கள் செடியை வாங்கிவிட்டுத்தான் இடம் தேடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சரி, இப்போது என்ன செய்வது? குரோட்டனை ஒரேயடியாக உச்சி வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். நிழலில் விரிந்த இலைகள் கருகிவிடும். முதலில் காலை வெயில் ஓரிரு மணி நேரம் படும் இடம், அப்புறம் சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கூடுதலாக என்று இரண்டு மூன்று வாரத்தில் பழக்குங்கள். இடம் மாறினாலே சில இலைகளை உதிர்ப்பது குரோட்டனின் இயல்பு. அதைப் பார்த்துப் பதறி நிறையத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பச்சையாகிவிட்ட பழைய இலைகள் அநேகமாக அப்படியேதான் இருக்கும், புதிய இலைகளில்தான் நிறத்தைத் தேட வேண்டும். செடி ஒல்லியாக நெட்டையாகிவிட்டிருந்தால், புதிய இடத்தில் நிலைத்த பிறகு நுனியை வெட்டிவிடுங்கள், பக்கக் கிளைகள் வரும். வெட்டிய இடத்தில் கசியும் பால் தோலில் அரிப்பு உண்டாக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காகிதப்பூவுக்கும் சிக்கல் அதேதான், இன்னும் கடுமையாக. போகன்வில்லா என்றும் சொல்லப்படும் இதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே வறண்ட காலம் பார்த்துப் பூத்துப் பழகிய செடி அது. நேரடி வெயில் தினமும் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும், பூக்கத் தோன்றாது. தொட்டியை முழு வெயிலுக்கு மாற்றுங்கள். இதையும் படிப்படியாகத்தான். நீண்டு ஓடும் கொம்புகளை வெட்டுங்கள், புதுத் தளிர்களில்தான் பூ வரும். பிறகு இலை லேசாகத் துவளத் தொடங்கும்வரை தண்ணீர் கொடுக்காமல் காத்திருந்து, அப்போது முழுமையாக ஊற்றுங்கள். வேர் நெருக்கமாக இருப்பது இதற்குப் பிடிக்கும், பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். பூத்த பிறகு ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் பூ என்று ரசிக்கும் மூன்று வண்ணத் தாள்களும் உண்மையில் இலைகளே. ஒவ்வொரு தாளின் நடுநரம்பிலும் ஒட்டிக்கொண்டு தீக்குச்சி பருமனில் ஒரு வெளிர்நிறக் குழல் நிற்கும், நுனியில் சின்ன நட்சத்திரமாக விரியும். பூ அதுதான். இலைக்கு நிறம் ஏறுவதால்தான் காகிதப்பூ அத்தனை நாள் வாடாமல் நிற்கிறது.

கலேடியத்தை நீங்கள் இன்னும் தூக்கி எறியவில்லை என்று நம்புகிறேன். அது கிழங்குச் செடி. வறட்சியோ குளிரோ வந்தால் இலைகளை விட்டுவிட்டு மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். விரலால் மெதுவாகத் தோண்டிப் பாருங்கள், கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்திருந்தால் அழுகிவிட்டது. கெட்டியாக இருந்தால் தண்ணீரை அடியோடு நிறுத்தி, தொட்டியைக் குளிர் படாத, மழை படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இந்த ஓய்வு சில மாதங்கள் நீடிக்கும். வெதுவெதுப்பான பருவம் திரும்பியதும் கொஞ்சம் ஈரம் காட்டினால் முளை வரும். முளை தெரியும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். மூன்றில் உங்கள் தாழ்வாரத்துக்குப் பொருந்தியது இதுதான், இதை மட்டும் அங்கேயே விட்டுவிடலாம். வீட்டில் சிறு குழந்தையோ நாய் பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

குரோட்டனை வெயிலுக்குக் கொண்டுபோகும் முன் இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். மெல்லிய நூலாம்படையும் புள்ளிப் புள்ளியாக வெளிறலும் தெரிந்தால் செஞ்சிலந்தி வந்திருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், சில நாட்கள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை. அதன் பிறகு இடம் மாற்றலாம். புதிய இலைகள் முற்றியதும் எப்படி இருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள்.